புளித்தது வேறு, ஊசிப்போனது வேறு: கெண்டைக்கு இரை தயாரிப்பது எப்படி?

கேள்வி: எங்கள் ஊர் ஏரியில் கெண்டைக்குத் தூண்டில் போடுகிறேன். மைதா உருண்டை ஐந்து நிமிடத்தில் கரைந்துவிடுகிறது. கரைவதற்குள் பொடிமீன்கள் கொத்தித் தின்றுவிடுகின்றன. மிச்ச மாவை மறுநாளைக்கு வைத்தால் நாற்றம் தாங்கவில்லை. எந்த எசென்ஸ் கலந்தால் பெரிய மீன் வரும்? இரையைக் கெடாமல் வைத்திருக்க வழி உண்டா? வருகிற சனிக்கிழமை போகலாம் என்று இருக்கிறேன்.

பதில்:

தம்பி, எசென்ஸ் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எதையும் வாங்க வேண்டாம். அந்தப் பணத்துக்கு ஒரு கிலோ மக்காச்சோளமும் கால் கிலோ கொண்டைக்கடலையும் வாங்குங்கள். கெண்டை இரையின் சூட்சுமம் முக்கால்வாசி அடுப்படியில்தான் இருக்கிறது. எவ்வளவு ஊற வைத்தீர்கள், எந்தப் பதத்தில் வேக வைத்தீர்கள், எதில் போட்டு எங்கே வைத்தீர்கள் என்பவைதான் கரையில் போய் உட்காரும்போது கணக்காகும்.

நீங்கள் வெறும் 'கெண்டை' என்று எழுதியிருக்கிறீர்கள். நம் ஏரிகளிலும் அணைகளிலும் கெண்டை இனத்தில் ஐந்தாறு வகை ஒன்றாகவே வளர்கின்றன. ஒரே குளத்தில் அவற்றைச் சேர்த்து விடுவதற்குக் காரணமே, ஒன்றின் தீனிக்கு மற்றொன்று அதிகம் போட்டிக்கு வராது என்பதுதான். கட்லா மேல்மட்டத்தில் மேய்கிறது. அதன் கீழ்த்தாடை மேல்நோக்கித் தூக்கியிருக்கும், மீசை கிடையாது, நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்னும். ரோகு நடு நீரில் திரிகிறது. மிர்காலும் சாதாக்கெண்டையும் தரையைக் கிளறித் தின்பவை. புல்கெண்டைக்குப் பெயரிலேயே தீனி இருக்கிறது. ஆகவே ஒரே உருண்டையை ஒரே ஆழத்தில் போட்டுவிட்டு எல்லாவற்றுக்கும் காத்திருந்தால் பொழுதுதான் போகும். உங்கள் ஏரியில் என்ன குஞ்சு விட்டார்கள் என்று குத்தகைக்காரரிடம் கேளுங்கள். தூண்டில் போட அவரிடம் எப்படியும் அனுமதி கேட்கத்தானே வேண்டும், அப்போதே இதையும் கேட்டுவிடலாம்.

இந்தப் பதிலில் பெரும்பகுதியைச் சாதாக்கெண்டையை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். தூண்டிலுக்கு மிக நன்றாக வருவது அதுதான். அது இந்த மண்ணின் மீன் இல்லை. 1939-இல் இலங்கையிலிருந்து ஊட்டிக்குக் கொண்டுவந்து விட்டார்கள். அது ஜெர்மானிய வகை, குளிர் நீருக்கு ஏற்றது. சமவெளிக்கு ஏற்ற பாங்காக் வகை 1957-இல் கட்டாக்குக்கு வந்து அங்கிருந்து நாடெங்கும் பரவியது. இரண்டும் ஒரே இனம்தான். ஊட்டியில் தின்பதையே பவானிசாகரிலும் தின்னும், தின்கிற அளவும் வேகமும்தான் மாறும்.

அந்த மீனின் வாயைத் தெரிந்துகொண்டால் இரை பற்றிப் பாதி தெரிந்த மாதிரி. சாதாக்கெண்டைக்கு வாயோரம் இரண்டு இணை மீசைகள் உண்டு. மீசையிலும் உதட்டிலும் சுவை அறியும் மொட்டுகள் நிறைந்திருக்கின்றன. தாடையில் பல் கிடையாது. தொண்டைக்குள்தான் பல் இருக்கிறது, நத்தை ஓட்டையும் நொறுக்கிவிடும் உறுதியான பல். இரைப்பை என்ற பை அதற்கு இல்லவே இல்லை. தின்றது நேரே குடலுக்குப் போகிறது. அதனால் ஒரே மூச்சில் வயிறு நிரப்பிவிட்டு ஓய்வெடுக்கும் பழக்கம் அதற்கு இல்லை, கொஞ்சம் கொஞ்சமாக நாளெல்லாம் தின்றுகொண்டிருக்கும். தின்னும் விதமும் தனி. இரையைச் சேற்றோடு உறிஞ்சும், வாய்க்குள் புரட்டிப் பார்க்கும், பிடிக்கவில்லை என்றால் அடுத்த நொடி வெளியே ஊதிவிடும். தக்கை லேசாக ஆடி நின்றுவிடுகிறதே, அது பல நேரங்களில் மீன் உங்கள் இரையைச் சுவைத்துத் துப்பிய அடையாளம்.

எசென்ஸ் வேண்டாம் என்று நான் சொல்வதும் இதனால்தான். நம் மூக்குக்குக் காற்றில் வரும் வாசம் போதும். மீனுக்குத் தண்ணீரில் கரைகிற பொருள் வேண்டும். எண்ணெயில் கலந்த வாசனை தண்ணீரில் கரையாமல் மேலே மிதந்துவிடும். புளிப்பு, உப்பு, வெல்லம், வெந்த புரதத்திலிருந்து கசியும் சாறு போன்றவைதான் நீரில் கரைந்து தூரம் போகும். இவை எல்லாம் உங்கள் வீட்டிலேயே இருக்கின்றன.

இப்போது சோளத்துக்கு வருகிறேன். இதை அவசரப்படாமல் படியுங்கள்.

காய்ந்த மக்காச்சோளத்தை நன்றாகக் கழுவி, அளவைப் போல் மூன்று மடங்கு தண்ணீர் ஊற்றி ஒரு நாள் முழுக்க ஊற வைக்க வேண்டும். இரவு மட்டும் ஊறினால் போதாது, 24 மணி நேரம். பிறகு அதே தண்ணீரோடு அடுப்பில் ஏற்றுங்கள். திறந்த பாத்திரத்தில் முக்கால் மணி நேரம் வரை ஆகும், குக்கரில் நான்கைந்து விசில். விசிலை மட்டும் நம்பாமல் ஒரு மணியை எடுத்துக் கிள்ளிப் பாருங்கள். நகம் தடையில்லாமல் இறங்க வேண்டும், மணியின் உருவம் குலையக் கூடாது. பத்தில் இரண்டு மூன்று மணிகள் மட்டும் வாய் பிளந்திருந்தால் அதுதான் பதம். எல்லாமே பிளந்து குழைந்துவிட்டால் தூண்டில் முள்ளில் நிற்காது. அந்தச் சோளத்தை, மீனைக் கூட்டத் தண்ணீரில் தூவுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அரைகுறையாக ஊறிய தானியத்தைத் தண்ணீரில் போடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். இரைப்பை இல்லாத மீன் அதை விழுங்கினால் குடலுக்குள் ஊதிப் பெருத்துவிடும். பிடிபட்ட மீனுக்கு இதனால் ஒன்றும் ஆகாது. பிடிபடாமல் தின்றுவிட்டுப் போகிற நூறு மீனை நினைத்துச் சொல்கிறேன்.

வெந்த சோளத்தை வடிக்க வேண்டாம். வெந்த நீர் ஆறியதும் அப்படியே ஒரு வாளியிலோ அகலவாய் டப்பாவிலோ ஊற்றி, சோளம் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்து, மூடியை மேலாக மட்டும் வைத்து நிழலில் விட்டுவிடுங்கள். இறுக மூடினால் வாயு சேர்ந்து மூடி தெறித்துவிடும். நம் வெயிலுக்கு ஒன்றரை அல்லது இரண்டு நாளில் நுரை எழும். தண்ணீர் கொழகொழவென்று ஆகி, விரலால் எடுத்தால் நூலாக இழுக்கும். அந்தக் கொழகொழப்பைக் கழுவிவிடாதீர்கள். சோளத்தின் மாவுச்சத்தும் இனிப்பும் கசிந்து புளித்து உண்டானது அது. அதுதான் தண்ணீரில் கரைந்து மீனைத் தேடிப் போகிறது.

உங்கள் மைதா நாறிப்போனதற்கும் இந்தப் புளிப்புக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பீர்கள். எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர் பவானிசாகர் நீர்த்தேக்கத்தின் ஓரம் ஒரு விடிகாலையில் சந்தித்த பெரியவர். அப்போது நான் கடலைப் புண்ணாக்கைத்தான் பெரிதாக நம்பியிருந்தேன். ஒரு கடையில் மூட்டையின் அடியிலிருந்து அள்ளிக் கொடுத்ததை வாங்கி, இரண்டு நாள் ஊற வைத்து, உருண்டை பிடித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு காலை, ஒரு மாலை போயும் தக்கை அசையவில்லை. இருபதடி தள்ளி உட்கார்ந்திருந்த பெரியவர் மூன்று மீன் எடுத்துவிட்டார். அவரே எழுந்து வந்து என் வாளியை முகர்ந்தார், ஒன்றும் சொல்லவில்லை. தன் தூக்குச்சட்டியைத் திறந்து என் மூக்கருகே நீட்டினார். உள்ளே சோளம். நீராகாரத்தின் வாசம், அதைவிடக் கொஞ்சம் இனிப்பாக. இதை நீ குடிப்பாயா என்று கேட்டார். குடிப்பேன் என்றேன். உன் வாளியில் இருப்பதை என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தன் இடத்துக்குப் போய்விட்டார்.

அன்றிலிருந்து இதுதான் எனக்கு அளவுகோல். புளித்தது வேறு, ஊசிப்போனது வேறு. தோசை மாவும் நீராகாரமும் புளிப்பவை. வாய் ஊறவைக்கும் அந்தப் புளிப்பு கெண்டைக்கும் பிடிக்கும். ஊசிப்போன சாம்பாரின் நாற்றம், முட்டை அழுகிய நாற்றம், நனைந்த சாக்கின் பூஞ்சை வீச்சம் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் கொட்டிவிடுங்கள். சோளத் தண்ணீரின் மேல் மெல்லிய வெள்ளை ஆடை படர்ந்தால் பயப்பட வேண்டாம், வழித்து எறிந்துவிட்டு உபயோகிக்கலாம். பச்சையாகவோ கறுப்பாகவோ பஞ்சு போல் முளைத்திருந்தால் முழுதும் வீண். மேலே இருப்பதை மட்டும் எடுத்துவிட்டு அடியில் இருப்பதைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள்.

புண்ணாக்கு விஷயத்தில் இன்னும் கண்டிப்பாக இருங்கள். ஈரம் பட்ட நிலக்கடலையிலும் கடலைப் புண்ணாக்கிலும் வளரும் ஒருவகைப் பூஞ்சை அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கிறது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்குத் தீவனம்தான் காரணம் என்று பின்னால் கண்டுபிடித்தார்கள். அப்படித்தான் இந்த நஞ்சு உலகத்துக்குத் தெரிந்தது. சாதாரணமாக வேகவைப்பதில் இது போகாது. ஆகவே வறுத்துவிட்டேன், கொதிக்கவைத்துவிட்டேன் என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம். நாம் பிடித்துத் தின்னப்போகும் மீன் அது. புண்ணாக்கு வாங்கினால் உடைத்துப் பாருங்கள். உடைத்த பக்கம் எண்ணெய் மணக்க வேண்டும், திட்டுத்திட்டாகப் பச்சை தெரியக் கூடாது. ஒரு தடவைக்கு வேண்டிய அளவு மட்டும் வாங்குங்கள். வெயிலில் காயவைத்துக் காற்றுப் புகாத தகர டப்பாவில் போட்டு, தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள்.

உங்கள் மைதா உருண்டைக்கு வருவோம். கரைவதற்குக் காரணம், பச்சை மாவைப் பிசைந்த கையோடு முள்ளில் வைப்பது. பரோட்டா மாவைப் போல அடித்துப் பிசைந்து, ஈரத்துணி போட்டு அரை மணி நேரம் விட்டால் மாவில் இழை விழும். இழை விழுந்த மாவு இரண்டு மடங்கு நேரம் நிற்கும். அதையும் தாண்டி நிற்க வேண்டுமானால் கொழுக்கட்டை மாதிரி ஆவியில் வேக வைத்துவிடுங்கள். சிலர் மாவில் பஞ்சைக் கலந்து பிசைகிறார்கள். முள்ளில் கெட்டியாக நிற்பது உண்மைதான், ஆனால் மீனின் குடலுக்குள் பஞ்சு போவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

பொடிமீன் தொல்லைக்கு மாவில் தீர்வு இல்லை. ஜிலேபி மீன் நிறைந்த ஏரியில் எந்த மாவும் பெரிய மீன் வரும்வரை தாங்காது. அதற்கென்றே ஒரு இரை இருக்கிறது, இங்கிலாந்தில் கெண்டை பிடிப்பவர்கள் 1970களில் பரவலாக்கியது. பாய்லி என்பார்கள். முட்டை ஊற்றிப் பிசைந்து, உருட்டி, கொதிநீரில் போட்டு எடுத்த உருண்டை. முட்டை வெந்து மேலே தோல் போல் கட்டிக்கொள்வதால் சிறு வாய்களால் கொத்தி உடைக்க முடியாது. பெரிய கெண்டை முழுதாக உறிஞ்சித் தொண்டைப் பல்லால் நொறுக்கிக்கொள்ளும். டப்பாவில் அடைத்து விற்பதை வாங்கத் தேவையில்லை. ரவை நூறு கிராம், பொட்டுக்கடலை மாவோ சோயா மாவோ நூறு கிராம், நெத்திலிக் கருவாட்டை வெறும் வாணலியில் வறுத்துப் பொடித்தது ஐம்பது கிராம், ஒரு தேக்கரண்டி வெல்லத்தூள். மூன்று முட்டையை அடித்து, மாவைக் கொஞ்சம் கொஞ்சமாக அதில் சேர்த்துப் பிசையுங்கள். முதலில் கையில் ஒட்டும். கால் மணி நேரம் விட்டால் ரவை ஈரத்தைக் குடித்துக்கொள்ளும். அப்போதும் ஒட்டினால் மட்டும் இன்னும் கொஞ்சம் மாவு. சுண்டைக்காய் அளவுக்கு உருட்டி, தளதளவென்று கொதிக்கும் நீரில் இருபது இருபதாகப் போடுங்கள். கொதி அடங்கும்படி ஒரேயடியாகக் கொட்டினால் கரைந்து கஞ்சியாகிவிடும். ஒன்றரை இரண்டு நிமிடத்தில் அரிகரண்டியால் எடுத்துத் துணியில் பரப்பி, ஒரு இரவு மின்விசிறிக் காற்றில் உலர விடுங்கள். மறுநாள் ஓர் உருண்டையைத் தரையில் போட்டால் உடையாமல் துள்ள வேண்டும்.

இந்தக் கெட்டியான இரையை முள்ளில் குத்தினால் முள்ளின் நுனி மறைந்துவிடும், மீன் சிக்காது. அதற்கு ஹேர் ரிக் என்ற கட்டு இருக்கிறது. முள்ளின் வளைவுக்குக் கீழே ஒரு மெல்லிய நூலைத் தொங்கவிட்டு, இரையை அந்த நூலில் கோத்துவிடுவது. ஆரம்பத்தில் உண்மையாகவே தலைமுடியைக் கட்டிப் பார்த்ததால் அந்தப் பெயர். மீன் இரையை உறிஞ்சும்போது வெறும் முள்ளும் கூடவே உள்ளே போகிறது. ஊதித் துப்பும்போது உதட்டில் மாட்டிக்கொள்கிறது. பூக்கட்டும் நூலும் கோணி ஊசியும் இருந்தால் வீட்டிலேயே பழகிப் பார்க்கலாம். வேகவைத்த கொண்டைக்கடலைக்கும் இதே கட்டுதான். கடலையை 12 மணி நேரம் ஊற வைத்து, சுண்டலுக்கு வேகவைப்பதைவிடச் சற்றுக் குறைவாக வேக வையுங்கள். இரண்டு கடலை கோத்தால் பொடிமீன் தொல்லை பெரும்பாலும் தீர்ந்தது.

எளிய இரைக்குப் பெரிய மீன் வருமா என்ற சந்தேகம் வேண்டாம். இங்கிலாந்தில் ரெட்மயர் என்ற சிறிய குளத்தில் ரிச்சர்ட் வாக்கர் 1952-இல் 44 பவுண்டு, அதாவது சுமார் 20 கிலோ எடையுள்ள கெண்டையைப் பிடித்தார். இரை, ரொட்டியும் பிசைந்த மாவும். அந்தச் சாதனையை 1980-இல் முறியடித்த கிறிஸ் யேட்ஸின் மீன் 51 பவுண்டுக்கு மேல், அதே குளம். அவர் முள்ளில் வைத்தது இனிப்புச் சோள மணிகள்.

ரோகுவுக்கும் கட்லாவுக்கும் வங்காளத்துக்காரர்கள்தான் ஆசான்கள். தண்ணீரில் தூவி மீனைக் கூட்டும் இரைக்குச் சார் என்றும் முள்ளில் வைக்கும் இரைக்கு டோப் என்றும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். சாரில் வறுத்த வெந்தயம், புண்ணாக்கு, தேன் என்று ஏதேதோ சேரும். முள்ளுக்குச் செவ்வெறும்பின் முட்டையைக்கூட மாவோடு பிசைந்து வைப்பார்கள். கட்லாவுக்கு உருண்டை தரையில் கிடந்து பயனில்லை. வறுத்த தவிட்டையும் பொடித்த புண்ணாக்கையும் லேசாக ஈரப்படுத்தி, கையில் பிடித்தால் நிற்கும், தண்ணீரில் விழுந்தால் உதிரும் என்ற புட்டுப் பதத்தில் பிடித்துப் போடுங்கள். உதிர்ந்து புகை போல் பரவுவதைத்தான் கட்லா வடிகட்டித் தின்ன வரும். முள்ளைத் தக்கையிலிருந்து மூன்று நான்கு அடி ஆழத்தில் நிறுத்துங்கள். புல்கெண்டைக்கு வேலம்பாசியோ இளம் புல்லோ போதும், சோளமும் தின்னும்.

மண்புழுவை விட்டுவிட்டேன். மழை பெய்து புதுத் தண்ணீர் கலங்கி வரும் நாட்களில் அதற்கு ஈடு எதுவும் இல்லை. வாடிய புழுவைக் கோப்பது மட்டும் வீண். புழு தோலால் மூச்சு விடுகிறது. காய்ந்தாலும் சாகும், தண்ணீர் தேங்கினாலும் சாகும். பழைய மண்பானையில் தோண்டிய இடத்து மண்ணையே பாதி நிரப்பி, மேலே ஈரமான தென்னை நார்க்கழிவு போட்டு, வெளியே நனைத்த சாக்கைச் சுற்றி நிழலில் வையுங்கள். சாக்கு உலர உலரப் பானை குளிர்ந்துகொண்டே இருக்கும். தினமும் ஒரு தடவை கிளறி, செத்ததை எடுத்துவிடுங்கள். ஒன்று அழுகினால் பானை முழுக்க அழுகும்.

வைத்திருக்கும் விஷயத்தில் மற்றவை சுருக்கமாக. பிசைந்த பச்சை மாவு அன்றன்றைக்கு மட்டும். ஆவியில் வேகவைத்ததும் முட்டை உருண்டையும் ஃபிரிட்ஜில் நான்கைந்து நாள் தாங்கும், ஃப்ரீசரில் மாதக்கணக்கில். ஃபிரிட்ஜ் இல்லாவிட்டால் முட்டை உருண்டையை வடகம் போல் கல்லாகும்வரை காயவைத்துத் துணிப்பையில் தொங்கவிடலாம். போவதற்கு முந்தைய இரவு வெல்லத் தண்ணீரில் ஊறப் போட்டால் மறுபடி இளகிவிடும். புளித்த சோளம் பதத்துக்கு வந்ததும் ஒரு கைப்பிடி கல்லுப்புப் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் அதே நிலையில் நிற்கும். எதுவானாலும் மண்ணெண்ணெய், சோப்பு, கற்பூரம் இருக்கும் அலமாரியில் வைக்காதீர்கள். மாவு வாசனையை வாங்கிக்கொள்ளும். கொசுவிரட்டித் தைலம் தடவிய கையால் இரையைத் தொடாதீர்கள். வண்டியில் பெட்ரோல் போட்டுவிட்டு வந்தால் கையை ஏரி மண்ணில் தேய்த்துக் கழுவிவிட்டுத் தொடங்குங்கள்.

எவ்வளவு தூவுவது என்பது நீரின் சூட்டைப் பொறுத்தது. கோடையில் நம் ஏரிகளில் கெண்டை நன்றாகத் தின்னும். காலையில் இரண்டு கைப்பிடி, பிறகு மணிக்கு ஒரு கைப்பிடி தூவலாம். ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் அதே மீனுக்குப் பசி மந்தம். அங்கே தூவுவதற்குப் பத்துப் பதினைந்து மணிகள் போதும். கருவாடு, புண்ணாக்கு போன்ற கொழுப்பு இரையும் அப்போது வேண்டாம், சீக்கிரம் செரிக்காது. மீந்த இரையை ஏரியில் கொட்டிவிட்டு வராதீர்கள். தின்னாத இரை அடியில் அழுகி, மீனுக்கு வேண்டிய பிராணவாயுவைத் தின்றுவிடும்.

சனிக்கிழமை என்றால் உங்களுக்கு நாள் குறைவு. செவ்வாய் இரவே சோளத்தை ஊறப் போடுங்கள். புதன் இரவு வேக வைத்து, வெந்த தண்ணீரோடு மூடியை மேலாக வைத்து விட்டுவிடுங்கள். வியாழன் இரவு முட்டை உருண்டை பிடித்து மின்விசிறியின் கீழ் பரப்புங்கள். வெள்ளி மாலையே கொண்டைக்கடலையை ஊற விட்டால் விடிவதற்கு முன் எழுந்து வேகவைத்துக்கொள்ளலாம். கிளம்பும்போது சோள வாளியைத் திறந்து ஒரு தடவை முகர்ந்து பாருங்கள். நீராகார வாசம் வந்தால் வண்டியில் ஏற்றுங்கள். வேறு நாற்றம் வந்தால் அதை எருக்குழியில் கொட்டிவிட்டு, கடலையோடு மட்டும் போங்கள்.